சன்னி மீன்கள் மேலே வந்த மாலை

தூண்டிலை இறக்குவதற்கு முன்பே மீன் மேலே வந்தது.

ஹார்லன் கொக்கியில் புழுவை மாட்டிக்கொண்டிருந்தான். உறைந்த ஏரியில் போட்டிருந்த துளையிலிருந்து உள்ளங்கை அகலச் சன்னி மீன் ஒன்று தானாகத் துள்ளி அவன் பூட்ஸ் அருகே விழுந்தது. மத்தியானத்திலிருந்து ஒரு மீன்கூடத் தூண்டிலைக் கடிக்கவில்லை. அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. டென்னி இதைப் பார்க்காமல் போய்விட்டானே என்று நினைத்தான்.

டென்னி, ஹார்லனின் மனைவி ஜோலீனின் தம்பி. துளையைச் சுற்றிப் பனிமேல் போட்டிருந்த கூடாரத்துக்குள் ஹீட்டர் மங்கத் தொடங்கியதும் கரையில் நின்ற வண்டியிலிருந்து காஸ் சிலிண்டர் எடுத்துவரக் கிளம்பியிருந்தான். துளை போடும் கருவி கிடந்த சறுக்குவண்டியையும் இழுத்துக்கொண்டு போனான்.

"ஓடை வந்து சேர்ற பக்கம் போகாத. அங்க பனி மெல்லிசு. சுத்திப் போ," என்று சொல்லியனுப்பியிருந்தான் ஹார்லன்.

"சரி மச்சான். நான் வர்றதுக்குள்ள ஒண்ணாவது புடி. இல்லன்னா அக்கா கடையில வாங்கித்தான் பொரிக்கணும்."

ஹார்லன் மீனை எடுத்துப் பார்த்தான். சின்ன மீன், இன்னொரு வருஷம் வளரட்டும் என்று துளைக்குள் விட்டான். அது தண்ணீரைத் தொட்ட வேகத்தில் திரும்பி மேலே பாய்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு துளை முழுக்க மூக்குகள், விரிந்த செவுள்கள், ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பனியில் விழுந்து துடிக்கும் ஆரஞ்சு வயிறுகள். காஸ் வாடையும் ஈரக் கம்பளி வாடையும் நிறைந்த அந்தத் துணிக்கூடாரத்துக்குள் அவற்றின் வால்கள் பனியில் அறையும் ஓசை, யாரோ நிறுத்தாமல் மெல்லக் கைதட்டுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது. தண்ணீரில் இருப்பதைவிட இங்கே செத்துப்போகலாம் என்று அவை முடிவு செய்தவைபோல் இருந்தன.

ஏரியின் பனி குளிரில் விரியும்போது முழங்கும். சிறுவயதிலிருந்து கேட்ட சத்தம் அது. இப்போது கேட்டது வேறு. அடியிலிருந்து தட்டும் சத்தம். தூரத்தில், ஓடைப் பக்கம். சற்று ஓய்ந்து, அருகில். மறுபடி, இன்னும் அருகில். கடைசியில் அவன் உட்கார்ந்திருந்த முக்காலிக்கு நேர் கீழே.

துளையில் மீன்கள் இல்லை. கறுத்த தண்ணீர் மட்டும் ஏறி இறங்கியது.

அதில் ஒரு கை வந்தது.

ஜோலீன் பின்னிக் கொடுத்த பச்சைக் கையுறை. விரல்கள் பனிவிளிம்பைப் பிராண்டின. ஹார்லன் குப்புற விழுந்து தோள்வரை கையை விட்டு அந்த மணிக்கட்டைப் பிடித்தான். அவன் மணிக்கட்டை அதுவும் இறுக்கிப் பிடித்தது. உயிருள்ள பிடி.

"டென்னி. புடிச்சுட்டேன்டா. விட மாட்டேன்."

விடாமல் வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. துளை ஒரு தலை நுழையும் அளவுகூட இல்லை. கருவி டென்னியோடு போய்விட்டது. போன் எட்டாத தூரத்தில் கோட்டுப் பையில் தொங்கியது. அவன் கத்தினான். அந்தப் பக்கத்தில் வேறு கூடாரமே கிடையாது.

அப்போது வெளியே காலடிச் சத்தம். உறைந்த பனியை நொறுக்கிக்கொண்டு, அவசரமில்லாமல்.

யாரோ வந்துவிட்டார்கள் என்று ஹார்லனுக்கு அழுகை முட்டியது. "சீக்கிரம் வாங்க. என் மச்சான் பனிக்கு அடியில இருக்கான்."

காலடி வாசலில் நின்றது.

"ஜிப்பைத் தெற மச்சான்," என்றது டென்னியின் குரல். "கையில சிலிண்டர் இருக்கு."

தண்ணீருக்குள் அந்தக் கை ஹார்லனின் கையை ஒருமுறை அழுத்தியது. சற்றுப் பொறுத்து மீண்டும். முன்னைவிடப் பலமில்லாமல்.

"என்ன மச்சான், தூங்கிட்டியா?"

ஜிப்பின் பிடி கூடாரத்தின் உட்புறமும் தொங்கியது. எழுந்தால் ஒரே எட்டு. வெளியிலிருந்து திறக்க முடியாதபடி இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளலாம். அதற்கு இந்தக் கையை விட வேண்டும்.

அவன் விடவில்லை.

ஜிப் மெல்ல மேலேறியது. ஒவ்வொரு பல்லாக. குளிர் தரையோடு தவழ்ந்து வந்தது. முகத்தருகே இரண்டு பூட்ஸ். அவற்றில் பனித்தூள்கூட ஒட்டியிருக்கவில்லை. கையில் சிலிண்டர் இல்லை. எதுவுமே இல்லை. அது அவன் பக்கத்தில் மண்டியிட்டது. டென்னியின் தாடி. டென்னியின் சிரிப்பு. காதோரம் குனிந்து பேசியது. அவ்வளவு குளிரிலும் அதன் வாயிலிருந்து ஆவி வரவில்லை.

"விடு மச்சான். நான்தான் வந்துட்டேன்ல."

கையுறையில்லாத ஒரு கை தண்ணீருக்குள் இறங்கி ஹார்லனின் விரல்களைத் தேடிப் பிடித்தது. குழந்தையின் கையிலிருந்து பொம்மையை வாங்குவதுபோல், அத்தனை பொறுமையாக, அவற்றை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கியது.

சுண்டுவிரல்.

அடுத்தது.