வாள் இல்லாத மேசை

தெஹியோவிட்டவுக்கு இரண்டு நிறுத்தம் முன்னால், ரப்பர் மரங்கள் ரோட்டின் மேல் கவிந்து நிற்கும் வளைவில் ஸ்ரீதரன் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி மூன்றிருக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. தோளில் சாமான் பை. கையில் பொலித்தீனில் சுற்றிய புதுப் பாகங்கள்: இரண்டு பெயாரிங், ஒரு கெப்பாசிட்டர், காற்றாடி, பெல்ட். மரம் அறுக்கும் மேசை வாளின் மோட்டருக்கு வேண்டியவை. போனில் கேட்ட விவரத்தை வைத்தே கோளாறை ஊகித்து, அவிசாவளையில் புவாட் நானாவின் கடையில் வாங்கி வந்திருந்தான்.

குடை பிடித்தபடி ஒரு பெண் வளைவிலேயே காத்து நின்றாள். அந்த ஒரு வாரத்தில் ஆறு தடவை போன் பண்ணிய பிரேமலதா அவள்தான். நாற்பது வயதுக்கு மேல் இராது. தூக்கமில்லாமல் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

“வாங்கண்ணே. இன்னிக்கே முடிஞ்சிருமா?”

“தெறந்து பாத்தாத்தான் தெரியும் தங்கச்சி. வைண்டிங் கருகலேன்னா ரெண்டு மணித்தியால வேலை.”

“சத்தம் கொறஞ்சிராதே?”

ஸ்ரீதரன் திரும்பி அவளைப் பார்த்தான். சத்தத்தைக் குறைத்துத் தரச் சொல்லிக் கேட்டவர்களைத்தான் அவன் இதுவரை கண்டிருக்கிறான்.

“பெயாரிங் புதுசு போட்டா கொறையும்தான். நல்லதுதானே.”

அவள் முன்னே நடந்தாள். நடக்கும்போதே தன் புருசனைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னாள். நாகலிங்கம் என்று பேர். தோட்டத்தில் வெட்டி விழுத்தும் கிழட்டு ரப்பர் மரங்களை வாங்கி, வீட்டிலேயே கட்டிலும் மேசையும் செய்தவர். எட்டு மாசத்துக்கு முன்னால் இறந்துபோனார். எப்படி என்று அவளும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தை விட்டுத் தள்ளி ஒரு தனி வீடு. பின்பக்கம் பத்தடி தூரத்தில் தகரக் கொட்டகை. பிரேமலதா குசினியின் பின்வாசல் படியோடு நின்றுகொண்டாள். கையை மட்டும் நீட்டிக் கொட்டகையைக் காட்டினாள்.

“நான் அங்கிட்டு வரமாட்டேண்ணே. ஏதும் வேணும்னா சத்தம் போடுங்க.”

கதவைத் தள்ளியதும் அந்த நாற்றம் அடித்தது.

ஸ்ரீதரன் நாற்றத்துக்குப் புதியவன் அல்ல. ரப்பர் ஃபெக்டரியில் பதினாறு வருசம் ஃபிட்டராக இருந்தவன். புளித்த பாலும் அமிலமும் வீசும் இடத்தில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றவன். இது அந்த வகையில் சேரவில்லை. இதில் ஓர் இனிப்பு இருந்தது. வெடித்த பலாப்பழத்தைப் பழைய கட்டுத்துணியில் சுற்றி, வெயிலில் வைத்து மறந்துபோனது மாதிரி. மூக்கில் நிற்காமல் தொண்டைக்குள் இறங்கி, நாக்கின் அடியில் எச்சிலாக ஊறியது. அவன் துப்பினான். துப்பிய பிறகும் போகவில்லை.

எலி செத்துக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மேசையைப் பார்த்ததும் முதலில் விளங்கவில்லை. வாள் நிற்க வேண்டிய பிளவில் வாள் இல்லை. வட்ட வாள் சுவரோரம் துருப்பிடித்துச் சாய்ந்திருந்தது. மேசைக்கு அடியில் ஒரு கைப்பிடி மரத்தூள் கிடையாது. மூலையில் ஒரு துண்டுப் பலகைகூடக் கிடையாது. ஆனால் மோட்டரின் பெல்ட் தேய்ந்து கண்ணாடி போல மினுங்கியது. கெப்பாசிட்டர் சூட்டில் ஊதி வெடித்திருந்தது. கையால் சுற்றிப் பார்த்தபோது பெயாரிங் இரண்டும் கரகரவென்று ஆடின.

மாதக்கணக்காக இராப்பகல் ஓடிய மோட்டர் அது. அறுக்க மரமே இல்லாமல் எதற்காக ஓடியது?

கரண்ட் வயரைக் கழற்றிவிட்டு மோட்டரைத் தூக்கி மேசைமேல் வைத்தான். பின்பக்க மூடியை எடுத்தான். காற்றாடி உருகியிருந்தது. முன்பக்க மூடியைச் சுத்தியலால் மெல்லத் தட்டினான். இரும்பு இரும்பை விட்டுப் பிரியும் சத்தம் வரவில்லை. புண்ணில் ஒட்டிய துணியை உரிக்கும்போது வருமே, அந்தச் சத்தம் வந்தது.

உள்ளே கறுப்புத் தூசி இருக்க வேண்டும். இருந்தது வேறு. மஞ்சளும் சாம்பலுமான ஒரு கொழகொழப்பு. காய்ச்சிய பாலின் மேல் படியும் ஆடை மாதிரி அதன் மேல் ஒரு தோல். ஸ்க்ரூட்ரைவர் நுனியால் தொட்டதும் அந்தத் தோல் கிழிந்தது. அடியில் வெள்ளையாக, அரிசி அரிசியாக, நெளிந்தது.

கெப்பாசிட்டரையே வெடிக்க வைத்த சூட்டில் புழு உயிரோடு இருக்க முடியாது.

இருந்தது.

ஸ்ரீதரன் கொட்டகைக்குப் பின்னால் ஓடி மத்தியானச் சோறு முழுவதையும் கக்கினான். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்து எலியைத் தேடினான். எலும்பில்லை, மயிரில்லை, வாலில்லை. மோட்டரின் நடுத்தண்டில் ஒரு துணி மட்டும் இறுகச் சுற்றியிருந்தது. நுனியைக் குறடால் பிடித்து இழுத்தான். வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அந்தச் சின்ன இடத்தில் அடங்கவே முடியாத நீளம். சீழ் காய்ந்து அட்டை மாதிரி விறைத்த பழைய பூப்போட்ட சேலைத்துணி.

கடைசி ஒரு சாண் மட்டும் ஈரமாக இருந்தது. தொட்டபோது சூடாக இருந்தது.

அதைக் குறடில் பிடித்தபடியே குசினிப் படிக்குப் போனான். பிரேமலதா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். துணியைக் கண்டதும் அவள் கை தானாகக் கீழே இறங்கியது.

“அது என் சேலைண்ணே,” என்றாள் மெதுவாக. “அவரு கையில கட்டிவிட்டது. கட்டோடதான் பொதச்சோம்.”

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

“வாள் பட்டு உள்ளங்கை பொளந்திருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு நான் மன்றாடினேன். கேக்கல. கையை எடுத்துருவாங்கன்னு பயம். கை இல்லாட்டி தச்சு வேலை ஏது? கிரீஸ அப்பி, துணியச் சுத்திக்கிட்டு வேலை செஞ்சாரு. ஒரு வாரத்துல அழுகிப் போச்சு. வீடு முழுக்க அந்த நாத்தம். சோறு எறங்காது. பக்கத்துல படுக்க முடியாது. ஒரு நா என்கிட்ட கேட்டாரு, ‘நாறுதா’ன்னு.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

“ஆமான்னேன். மூஞ்சத் திருப்பிக்கிட்டு, ஆமான்னேன்.”

மழை மறுபடி தூறத் தொடங்கியது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

“அப்புறம் அவரு வீட்டுக்குள்ளயே வரல. கொட்டகையில படுத்துக்கிட்டாரு. நான் சோத்துத் தட்ட வாசல்ல வச்சு, காலால தள்ளி விடுவேன். காய்ச்சல் கூடினதும் ராவும் பகலும் ‘பிரேமா, தண்ணி’ன்னு கூப்பிடுவாரு. மொத ரெண்டு நா கொண்டுபோய் வச்சேன். அதுக்கப்புறம் என்னால முடியலண்ணே. கொமட்டிக்கிட்டு வரும். மோட்டருக்கு சுவிட்ச் வீட்டுக்குள்ளதான் இருக்கு. வாளு ஓடுனா அவரு கூப்பிடுறது கேக்காது. போட்டுவிட்டேன்.”

“எவ்வளவு நேரம்?”

“ரெண்டு நாளு. நிப்பாட்டுனப்ப அவரு இல்ல.”

ஸ்ரீதரனுக்கு மறுபடியும் குமட்டியது. இந்தத் தடவை எதைப் பார்த்து என்று அவனுக்கே தெரியவில்லை. கையில் இருந்த துணியையா, படியில் உட்கார்ந்திருந்தவளையா?

“இப்பயும் கூப்பிடுறாரு,” என்றாள். “வாளக் கழட்டிட்டு மோட்டர மட்டும் ஓட விட்டேன். அது ஓடுற வரைக்கும் ஒண்ணுமில்ல. எரிஞ்சு போன பொறகு பத்து நாளா காதைப் பொத்திக்கிட்டு இருக்கேன். குருவிட்டைக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போய்ப் பாத்தேன். அங்கயும் கேட்டுச்சு.”

சாமான் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் ஸ்ரீதரன் நினைத்தான். ஆனால் அவள் கண்ணைப் பார்த்தபின் போக மனம் வரவில்லை. துணியைக் கல்லால் மூடிவிட்டு வந்து, மண்ணெண்ணெய் ஊற்றி மோட்டரைக் கழுவினான். மூன்று தடவை கழுவினான். பெயாரிங்கை அடித்து ஏற்றினான். கெப்பாசிட்டரை மாட்டினான். காற்றாடி, மூடி, பெல்ட். வாயால் மூச்சு விட்டபடியே எல்லாவற்றையும் செய்தான். வாயிலும் அந்த ருசி வந்தது.

“போடுங்க தங்கச்சி.”

மோட்டர் ஓடியது. தேன்பூச்சி மாதிரி மெல்லிய ரீங்காரம். புதுப் பெயாரிங்.

பிரேமலதாவின் முகம் வெளுத்தது. “இது பத்தாது. பழசையே போட்டுக் குடுங்கண்ணே.”

“பழசு ரெண்டு நாளைக்குத் தாங்காது.”

அவன் ஒரு தகரத் துண்டை வளைத்து, பெல்ட்டில் உரசும்படி மேசையில் ஆணியடித்தான். கடகடவென்று கொட்டகையே அதிரும் சத்தம் எழுந்தது. பிரேமலதா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு உள்ளே போய்ச் சட்டியில் இருந்த பழைய சோற்றைப் போட்டுக்கொண்டு, நின்றபடியே வேக வேகமாக அள்ளித் தின்னத் தொடங்கினாள். எத்தனை நாள் பசியோ.

ஸ்ரீதரன் கொட்டகையில் குனிந்து சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

அப்போது கரண்ட் போனது.

தகரத்தின் சத்தம் தளர்ந்து, விட்டு விட்டு வந்து, நின்றது. மோட்டர் மட்டும் ஓசையில்லாமல் வெகுநேரம் சுற்றியது. பிறகு அதுவும் நின்றது. கூரையில் தூறல் விழும் சத்தம்தான் மிச்சம்.

நாற்றம் கூடியது. முதுகில் படுவது போல, கனமாக, வெதுவெதுப்பாக.

மேசைக்குப் பின்னாலிருந்த இருட்டு மூலையில் யாரோ ஈரமாக மூச்சு விட்டார்கள்.

“பிரேமா.”

குசினியில் தட்டு விழுந்தது.

“தண்ணி.”

ஸ்ரீதரன் நிமிரவில்லை. கதவு மூன்றடி தூரத்தில் இருந்தது. அந்த மூன்றடியைக் கடக்கக் கால் வேண்டும். கால் இருக்கும் இடம் தெரியவில்லை. பின்னால் ஏதோ நிலத்தில் இழுபட்டு நெருங்கியது. சதசதவென்று ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. அவன் காதருகே, மிகவும் தயங்கி, வெட்கப்படுகிறவனைப் போல ஒரு குரல் கேட்டது.

“நாறுதா?”

திறந்திருந்த கதவு வழியே பிரேமலதா தெரிந்தாள். படியில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

ஸ்ரீதரன் கெட்டிக்காரன் அல்ல. இளகிய மனசுக்காரன். மூக்கை மூடப் போன கையைக் கீழே இறக்கினான்.

“இல்லீங்க,” என்றான்.

அந்தக் கணமே நாற்றம் போய்விட்டது. கழுவித் துடைத்தது போலப் போய்விட்டது. மண்ணெண்ணெய் வாசனைகூட இல்லை. மூலையில் யாரும் இல்லை. கரண்ட் வந்து தகரம் கடகடக்க, அவன் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பாராமல் ரோட்டுக்கு இறங்கினான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போனார். முன்சீட்டில் ஒரு பெண்பிள்ளை தாயின் மடியில் வாந்தி எடுத்தது. கொட்டும் மழையில் ஆட்கள் ஒவ்வொருவராக ஜன்னலைத் திறந்து விட்டார்கள். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, “மொகத மே கந்த?” என்று சிங்களத்தில் கேட்டான். என்ன நாற்றம் என்று ஸ்ரீதரனும் சுற்றுமுற்றும் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

வீட்டு வாசலில் அவன் பெண்சாதி விஜயகலா அவனைக் கண்டு இரண்டடி பின்வாங்கினாள். ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த கையோடு சோறு பிசைந்து தின்பவள் அவள்.

“என்னாங்க இது, எதை மிதிச்சீங்க? மொதல்ல பீலிக்குப் போய்க் குளிங்க.”

குளித்தான். சவர்க்காரக் கட்டி ஒன்று முழுக்கக் கரைந்தது. உடுப்பை எரித்தான். மறுபடி குளித்து வந்தபோதும் விஜயகலா மூக்கிலிருந்து முந்தானையை எடுக்கவில்லை. அன்றைக்கு அவன் வெளியே பெஞ்சில் படுத்தான்.

விடியற்காலையில் போன் அடித்தது. பிரேமலதா. அவள் குரலே மாறியிருந்தது.

“ராத்திரி மோட்டர நிப்பாட்டிட்டுத் தூங்கினேண்ணே. ஒரு சத்தமும் இல்ல. எட்டு மாசத்துக்குப் பொறகு தூங்கினேன். நேத்து அவருக்கு என்னா பதில் சொன்னீங்க?”

“இல்லைன்னு சொன்னேன்.”

“அவருகிட்ட யாரும் அப்படிச் சொன்னதில்லண்ணே,” என்றாள். போன் துண்டிக்கப்பட்டது. அதன் பிறகு இவன் எத்தனை தடவை போன் பண்ணியும் அவள் எடுக்கவில்லை.

விஜயகலா தேத்தண்ணியைக் கொண்டுவந்து படியில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை. வைத்த வேகத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே டீவி ஓடத் தொடங்கியது. ஸ்ரீதரன் எழுந்துபோய் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தான். டீவியின் சத்தம் கூடியது. இன்னும் கூடியது. பிறகு அதையும் மீறி விஜயகலா உள்ளிருந்து சலித்துக்கொள்வது கேட்டது.

“கேக்குதுங்க. தண்ணிதானே, கொண்டாறேன். விடியக் காலையில இருந்து ஏன் இப்படிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க?”

ஸ்ரீதரனின் வாய் நிறையத் தேத்தண்ணி இருந்தது. அவன் இன்னும் விழுங்கவில்லை.