இறங்காத கை

வாலு கையைத் தூக்கியபோது எந்தச் சத்தமும் வரவில்லை.

அது அவள் அம்மாவுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் தலையில் ஹெட்போனோடு இருப்பார்கள், இந்தப் பக்கம் இவள் பொத்தானை அமுக்குவாள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும், நின்றால் இறக்க வேண்டும். ஒன்றும் கேட்காமலேயே கையைத் தூக்கிவிடும் பிள்ளைகளும் உண்டு. அந்தப் பொய்யை அவள் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள். இப்போது வாலுவின் முகத்தில் பொய் இல்லை. கண்ணை இறுக்க மூடி, மஞ்சள் கம்பளி உறை போட்ட கையைக் காரின் கூரை வரைக்கும் தூக்கி, யாரோ சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. கண்ணைத் திறக்கலாம் என்று அர்த்தம்.

கைமணியை அடித்த புண்ணியவான், வாலுவின் அப்பா, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். லாரி புக்கிங் ஆபீசில் இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு கத்தியே பாதி ஆயுளைக் கழித்தவர். போன கோடையில் ஆபீஸ் நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். எதையும் நிதானமாகச் செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், அன்றிலிருந்து வீட்டில் நிதானத்துக்கு ஒரே அவசரம். நிதானமாகச் சாப்பிடு, நிதானமாக நட. இப்போது நிதானமாக ஒரு குடும்பப் பயணம். போன்களை பிஸ்கட் டப்பாவில் போட்டு டிக்கியில் பூட்டியாயிற்று. வழியில் தோன்றிய இடத்தில் வண்டியை அணைத்துக் கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு, மணி அடிக்கும் வரை எல்லாரும் கண்மூடிக் காது கொடுக்க வேண்டும். பிறகு கேட்டதை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கையைத் தூக்குவது மட்டும் மனைவியின் தொழிலிலிருந்து இரவல் வாங்கியது.

காலையில் அடிவாரத்தில் இது நன்றாகத்தான் இருந்தது. ஓடைச் சத்தம் கேட்டது என்றார் அவர். அப்பா வயிறு கத்துவது கேட்டது என்றாள் வாலு. சத்தம் நின்ற பிறகும் கையை இறக்காமல், விரல்களை மட்டும் ஆட்டி ஆட்டிக் காட்டினாள். அது அவளுடைய நிரந்தரச் சேட்டை. ‘இறக்குடி’ என்றால் இன்னும் வேகமாக ஆட்டுவாள்.

ஆனால் மலைமேல் ஏறியதும் மரங்கள் தீர்ந்துபோயின. கறுத்த பாறையும், காய்ந்த புல்லும், ஆள் போட்டதா தானாக விழுந்ததா என்று தெரியாத கற்குவியல்களும்தான். பறவைகூட இல்லை. ஒரு வீடு, ஒரு கம்பம், வேலியில் சிக்கிய ஒரு பிளாஸ்டிக் பை, எதுவும் இல்லை. மனுஷன் வருவது இந்த இடத்துக்குப் பிடிக்கவில்லை என்று அம்மாவுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

“சரி, சொல்லுங்க பாப்போம். யாருக்கு என்ன கேட்டுது?” என்றார் கணவர்.

“அம்மா கூப்பிட்டா,” என்றாள் வாலு.

“நானா? நான் வாயே திறக்கலடி.”

“இல்ல, அங்கேருந்து கூப்பிட்டே.” திறந்திருந்த கதவு வழியாகச் சரிவைக் காட்டினாள். “வா கண்ணுன்னு சொன்னே. உன் குரல்தான்.”

கணவர் சிரித்தார். “கற்பனை ஊத்தெடுக்குது பாரு! இதுக்குத்தான் போனை வாங்கி வெச்சது.”

“நீங்க சும்மா இருங்க.” பின்பக்கம் திரும்பி மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “கண்ணு, இங்க பாரு. யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது. என் குரலா இருந்தாலும் சரி. நான் நெஜமா கூப்பிட்டா இப்படிச் சத்தம் குடுப்பேன்.” நாக்கை மேலண்ணத்தில் இரண்டு முறை தட்டினாள். டக், டக். “இதுக்கு மட்டும் வா. புரிஞ்சுதா?”

“டக், டக்,” என்று வாலுவும் தட்டிக் காட்டினாள். சந்தோஷமாக இருந்தது பிள்ளைக்கு. ரகசியம் என்றால் அவளுக்குச் சோறே வேண்டாம்.

கதவுகள் நான்கும் திறந்தே இருந்தன. அது அப்போது அம்மாவுக்கு உறைக்கவில்லை.

அடுத்த வளைவுகளில் வண்டி மெதுவாக ஊர்ந்தது. மெதுவாகப் போவதற்குத்தானே வந்திருக்கிறார்கள். கண்ணாடி இறங்கியிருந்தது. ஈர மண் வாசனை, அதனடியில் பழைய இரும்பைக் கையில் பிடித்தால் வருமே, அப்படி ஒரு வாடை. டயருக்கடியில் சரளை நொறுங்கும் சத்தத்துக்கு நடுவே சரிவில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அவள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் இல்லை. வறண்ட பாறை. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் ஒரு வயிறு கத்தியது. கடகடவென்று, நீளமாக, ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து.

காலையில் அவர்கள் சொன்னது அத்தனையும்.

சொன்ன வரிசையிலேயே.

“ஏங்க, வண்டியைத் திருப்புங்க.”

“ரோடு இருக்கிற லட்சணத்துல எங்கே திருப்புறது? மேல இடம் வரட்டும்.”

“எனக்கு பயமா இருக்கு. விளையாடல நான். நாம கேக்குறோம்னு நெனச்சிட்டு இருக்கோம். இங்க எதுவோ நம்மைக் கேட்டுட்டு இருக்கு.”

அப்போதுதான் பனி இறங்கியது. சாயங்கால வெளிச்சம் இருந்தது இருந்தபடி இருக்க, பாலைக் கொட்டிவிட்டதுபோல் கண்ணாடிக்கு முன்னால் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் ரோடு இருக்கிறது என்பது நம்பிக்கைதான். பானட்டே தெரியவில்லை. அவர் தட்டுத்தடுமாறி ஓர் அகலமான இடத்தில் ஒதுக்கி எஞ்சினை அணைத்தார். உதடு வெளுத்திருந்தது. இடது கையால் நெஞ்சைத் தடவுவதை மறைக்கப் பார்த்தார்.

“வலிக்குதா?”

“இல்ல... லேசாதான். பனி விலகுற வரைக்கும் எப்படியும் நகர முடியாது. ஒரு தடவை கண்ணை மூடி உட்காரலாமா? எனக்குப் படபடப்பு அடங்கும்.” குரல் கெஞ்சியது. “இந்தத் தடவை நீயும் மூடு. நீ எப்பவும் திருட்டுத்தனமா பாக்குறே, தெரியும் எனக்கு. நீ பாத்துட்டே இருந்தா என்னால அடங்க முடியல.”

போன் எடுத்தாலும் பிரயோஜனமில்லை. இந்த உயரத்தில் சிக்னல் ஏது? ஆஸ்பத்திரி கீழே எங்கேயோ இருக்கிறது. இந்த மனுஷனுக்கு இங்கே ஏதாவது ஆகிவிட்டால், பச்சைப்பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? வண்டி ஓட்டக்கூடத் தெரியாது. திட்ட வந்த வாயை மூடிக்கொண்டாள்.

“சரி. ஆனா கதவைத் திறக்கக் கூடாது.”

“கதவை மூடினா மூச்சு முட்டுது. கொஞ்சமா திறந்து வெப்போம்.”

வாலு கையைத் தூக்கத் தயாராகச் சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள். அவளுக்கு மூக்கடைப்பு. உள்ளிழுக்கும்போது ஒரு சின்ன விசில் வரும். அந்த விசிலைப் பிடித்துக்கொண்டே அம்மா கண்ணை மூடினாள். இந்தப் பயணத்தில் முதல் தடவையாக, நேர்மையாக.

எஞ்சின் ஆறும் சத்தம். கணவரின் மூச்சு, கொஞ்சம் கொஞ்சமாகச் சீராகிக்கொண்டு வந்தது. பின்னால் விசில். வெளியே ஒன்றுமில்லை. காற்று புல்லில் படும் சத்தம்கூட இல்லை. பரிசோதனை அறையின் சுவர்களுக்குள் மட்டும்தான் அவள் இப்படியொரு மௌனத்தைக் கேட்டிருக்கிறாள். அந்த அறையில் மௌனம் என்றால் கண்ணாடிக்கு மறுபக்கம் ஒருவர் விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் என்று அர்த்தம்.

டக், டக்.

இடப்பக்கம். தூரத்தில்.

நான் தட்டவில்லையே. என் நாக்கு அசையவில்லையே.

விசில் நின்றது.

சரளையில் சின்ன ஷூவின் சத்தம். ஓட்டமாக.

மணி அடித்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். கணவரும் அப்போதுதான் திறந்தார். மணி அவர் மடியில், அவர் உள்ளங்கைக்குள், நாக்கு அசையாதபடி இறுக்கிப் பிடித்தபடியே இருந்தது. அடித்தது அது இல்லை. பின் சீட் காலி. கதவு முழுக்கத் திறந்திருந்தது.

“வாலூ!”

அலறிக்கொண்டு இறங்கினாள். “வாலூ!” என்று சரிவும் அலறியது. எதிரொலி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். எதிரொலி பின்னால் வரும். இது அவள் முடிப்பதற்குள் வந்தது. அடுத்த முறை அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே வந்தது. மேலிருந்து, கீழிருந்து, பாறைக்குப் பின்னாலிருந்து, அதே குரல், அதே பதற்றம், பெற்ற வயிற்றின் அதே நடுக்கம்.

“அம்மா! எங்கேம்மா இருக்கே?” எங்கேயோ பிள்ளை அழுதது.

“இங்கே கண்ணு!” என்று பத்துப் பக்கமிருந்தும் அம்மா சொன்னாள்.

கணவர் கத்த வாயைத் திறந்தார். அவள் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். “கத்தாதீங்க!” என்று அவர் காதுக்குள் முணுமுணுத்தாள். “ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் ஒரு அம்மாவைக் கூட்டிட்டே இருக்கேன். அவ எந்த அம்மாகிட்ட போவா? ஹெட்லைட்டைப் போடுங்க.”

வெளிச்சம் பனிக்குள் போய் மஞ்சளாக நின்றது. சரிவு கொஞ்சம் தெரிந்தது. கற்குவியல்கள். ஒவ்வொரு குவியலும் ஒரு பிள்ளை உயரம்.

அப்போது அந்தக் குரல் வந்தது. பதற்றமில்லாத குரல். அவளுடைய ஆஸ்பத்திரிக் குரல்.

“சத்தம் கேட்டா கையைத் தூக்கு கண்ணு. நின்னா இறக்கு.”

ஒரு கற்குவியலுக்குப் பின்னாலிருந்து கை உயர்ந்தது. சின்னக் கை. மஞ்சள் கம்பளி உறை.

அடுத்த குவியலிலிருந்து ஒரு கை. மஞ்சள் உறை.

அதற்கு மேலே. அதற்கும் மேலே. வெளிச்சம் எட்டிய தூரம் வரைக்கும், எட்டாத இடத்திலும் மங்கலாக. எல்லாம் ஒரே அளவு. எல்லாம் நேராக. எதுவும் இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை? எந்தச் சத்தத்துக்கு இத்தனை கைகள்?

அவளுக்குப் புரிந்தது. மெல்லிய, நீளமான ஒரு சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அவள் தொண்டையிலிருந்துதான்.

இரண்டு கையாலும் வாயை அடைத்துக்கொண்டாள். சத்தம் நின்றது.

கைகள் இறங்கின. சரிவு முழுக்க, ஒரே சமயத்தில்.

ஒன்றைத் தவிர.

இடது பக்கம், மூன்று ஆள் தூரத்தில், பள்ளத்தின் விளிம்பை ஒட்டி ஒரு கை மட்டும் இறங்காமல் நின்றது. விரல்கள் ஆடின. ஆடி ஆடிக் காட்டின. எத்தனை தடவை அதட்டியிருப்பாள் இந்தச் சேட்டைக்காக! சாமி, என் தங்கம், இறக்காதே, இறக்கவே இறக்காதே. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“அதோ! அதுதாங்க நம்ம வாலு! விரலை ஆட்டுறா பாருங்க! அவதான் அப்படி ஆட்டுவா!”

சொல்லிவிட்டாள். வாய்விட்டு, சத்தமாக.

சரிவு ஒரு கணம் அமைதியாக இருந்தது. யோசிப்பது போல.

பிறகு அடுத்த கை எழுந்தது. விரல்களை ஆட்டியது. அதற்கு அடுத்தது. அதற்கு மேலே இருந்தது. முதலில் தப்பும் தவறுமாக, பிறகு சரியாக, பிறகு அச்சு அசலாக. பனிக்குள் கண் எட்டிய இடமெல்லாம் மஞ்சள் கைகள் விரலாட்டிக்கொண்டு நின்றன. விளிம்பில் நின்ற கையைத் தேடி அவள் திரும்பினாள். அங்கே இப்போது நான்கு கைகள் இருந்தன.