கட்டிலின் நடுவில்

நேஹாவின் அறையில் பச்சை விளக்கு எரிந்தது. எரியக்கூடாது.

கட்டிலின் இருபுறச் சுவர்களிலும் ஒவ்வொன்றாக இரண்டு பெட்டிகளை அம்மா பிந்துதான் மாட்டியிருந்தாள். இரண்டும் ஒளித்துகள்களால் கேள்வி அனுப்பும்; மகளின் கைப்பட்டை பதில் சொல்லும். ஒளியை முந்தி எதுவும் ஓடாது என்பதால், பதில் வந்து சேரும் நேரத்தை வைத்தே பிள்ளை நடுவில் படுத்திருக்கிறாளா என்று தெரிந்துவிடும். இருந்தால் பச்சை. இந்த முறையை எப்படியெல்லாம் ஏமாற்றலாம் என்று ஆராய்வதுதான் கோயம்புத்தூர் ஆய்வகத்தில் பிந்துவின் வேலை. மகள் ஆசைப்பட்டாளே என்று வீட்டுக்கும் ஒரு ஜோடியைக் கொண்டு வந்திருந்தாள்.

காய்ச்சலில் போன பிள்ளையை அந்தப் பட்டையோடுதான் தென்னந்தோப்பில் புதைத்தார்கள்.

தொண்டாமுத்தூரில் மத்தியானம் பிடித்த மழை விடவேயில்லை. ஓலைகளில் தண்ணீர் சொட்டும் சத்தமும், கெட்டியான ஈரமண் வாசனையுமாக அறை முழுக்க நிறைந்து கிடந்தது. மழை வாசனைதான் என்று சொல்லிக்கொண்டாள். சன்னல் சாத்தியிருந்தது.

பம்ப் பட்டறையிலிருந்த கணவன் சசிதருக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, நம்ம கண்ணு வந்திருக்குதுங்க. பச்சை எரியுதுங்க."

அவன் லேத்து இயந்திரத்தை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"அந்தப் பொட்டியக் கழட்டிப்போடுன்னு அன்னைக்கே சொன்னனே அம்மணி. அது பொய் சொல்லாதா?"

"சொல்லுமுங்க." அவள் விளக்கையே பார்த்தாள். "நடுவுல ஆளே இல்லாம ஏமாத்தலாமுங்க. ஆனா ரெண்டு பேரு வேணும். இந்தப் பக்கம் ஒருத்தரு, அந்தப் பக்கம் ஒருத்தரு. ஒண்ணோடொண்ணு பிணைஞ்ச ஒளித்துகளை முன்னாடியே பங்கு போட்டு வெச்சுக்கிட்டா, நடுவுல ஆளு இருக்கற மாதிரியே நேரத்துக்குப் பதில் அனுப்பிரலாமுங்க."

"ஊட்டுல வேற யாரு இருக்கறா?"

"யாருமில்லீங்க."

"வெளிய போய் நில்லு. இப்பவே வாரேன்."

அவள் போகவில்லை. அந்த முறையிலிருந்த ஓட்டையைக் கணக்குப் போட்டுக் காட்டியவளே அவள்தான். இருந்தும், பொய்யாகவே இருந்தாலும் போகட்டும், ஒரே ஒரு தடவை பிள்ளையைக் கட்டிக்கொண்டால் போதும் என்றிருந்தது. கட்டிலில் ஏறி, நடுவில் கையால் துழாவினாள்.

காலி. சில்லென்ற மெத்தை.

தலையணையில் மகளின் எண்ணெய் வாசனை இன்னும் இருந்தது. அதில் முகம் புதைத்து, பிள்ளை படுக்கும் இடத்திலேயே படுத்தாள். அழுதாள்.

"நேஹா..."

மழை நின்றது.

இடதுபக்கம் மெத்தை அமுங்கியது.

"வந்துட்டியா கண்ணு?"

கை நீட்டினாள். பட்டை. ஈரமண் அப்பிய பட்டை. அது இறுகியிருந்த மணிக்கட்டு குழந்தையுடையது அல்ல.

பச்சை விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது.

வலதுபக்கமும் மெத்தை அமுங்கியது.