வாசலோடு நின்றவன்

கழற்றிப் போட்ட பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒன்றுமே இல்லை. உள்ளே இருந்த ஹார்டு டிஸ்க்கைக் கீர்த்தனாதான் சற்று முன் நெம்பி எடுத்திருந்தாள், வயரையும் பிடுங்கியாயிற்று. ஆனாலும் கூட்டின் நுனியிலிருந்த குட்டி நீல விளக்கு, யாரோ உள்ளே உட்கார்ந்து எதையோ தேடுவதுபோல விட்டு விட்டு மினுக்கிக்கொண்டிருந்தது.

மிச்சம் மீதி மின்சாரமாக இருக்கும் என்று அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் முழுவதையும் கட்டி மேய்ப்பவள் ஒரு பொட்டு விளக்குக்குப் பயந்தால் நாலு பேர் சிரிப்பார்கள்.

வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்ததும் அவள் புருஷன் இனியன் செய்த முதல் வேலை, மாடிப்படிக்கு அடியிலிருந்த அலமாரியில் ஒரு சர்வரை வைத்ததுதான். வீட்டுக் கேமராக்கள் பிடிக்கிற படம், குழந்தையின் போட்டோ, அவன் ராகமில்லாமல் பாடித் தொலைத்த தாலாட்டு எல்லாம் அதில்தான் போய்ச் சேரும். பெட்டியில் இடம் போதாமல் போனபோது தனியாக ஒரு டிஸ்க் வாங்கி, வயரில் மாட்டி வெளியே வைத்தான். "லீவு கெடச்சா உள்ள மாத்திடுறேன்" என்பான். லீவு கிடைக்கவே இல்லை. போன கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் பைபாஸில் அவன் வண்டிமேல் ஒரு லாரி ஏறியது.

குழந்தையோடு அவன் பேசின பேச்சு முழுக்க அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருந்தது. வேறு நகல் கிடையாது. கொஞ்ச நாளாக வயர் லூசாகி, டிஸ்க் வருவதும் போவதுமாக இருந்தது. நேற்று பாதி வீடியோவில் அவன் வாயைத் திறந்தபடியே உறைந்து நின்றுவிட்டான். இன்னொரு தடவை அவனைப் பறிகொடுக்க அவளுக்குத் தெம்பில்லை. அதனால்தான் இன்று கூட்டை உடைத்தாள்.

அதே டிஸ்க்கில் இன்னொன்றும் இருந்தது. அவள் அதைப் பார்க்கவும் இல்லை, அழிக்கவும் மனசு வரவில்லை. அவன் உடம்பு போர்டிகோவில் கிடந்த அந்தப் பகல், வாசல் கேமரா பிடித்தது.

வெளியில் அடிபட்டுச் செத்தவர்களை வீட்டுக்குள் கொண்டுவரும் வழக்கம் கிடையாது. வாசலிலேயே ஷாமியானா போட்டு, ஐஸ் பெட்டி இறக்கி, வெள்ளைத் துணி சுற்றி, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிப் படுக்க வைத்தார்கள்.

"அவரு கட்டுன வீடு அத்தை, ஒரு நிமிஷம் உள்ள வந்துட்டுப் போவட்டும்" என்று கீர்த்தனா கதறினாள்.

மாமியார் உண்ணாமலை நிலைப்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். "வாணாம்மா. என் புள்ளதான், நான் இல்லன்னு சொல்லல. வெளிய போன உசுரு வாசலோட நிக்கட்டும்."

பெற்றவள் வாயால் வந்த அந்தச் சொல்லைக் கீர்த்தனா இன்றுவரை மன்னிக்கவில்லை.

அன்றிலிருந்து விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் போனில் கேமரா எச்சரிக்கை ஒன்று வரும். 'வாசல்: நடமாட்டம்.' திறந்து பார்த்தால் ஆளே இருக்காது. பூனையாக இருக்கும் என்பாள் உண்ணாமலை. சொல்லிவிட்டு நிலைப்படியில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பாள். ஒரு நாளும் அந்த எச்சரிக்கை வாசலைத் தாண்டியதில்லை.

இன்று உண்ணாமலை நடவு வேலை என்று கீழ்பென்னாத்தூர் போயிருந்தாள். மாடியில் குழந்தை கீதாஞ்சலி தூங்கிக்கொண்டிருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் தூங்கக்கூடாதென்று எழுப்பப் போன கீர்த்தனா, பாவம் பிள்ளை என்று விட்டுவிட்டு வந்திருந்தாள். வெளியே ஐப்பசி மழை சிமெண்ட் தரையில் ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது.

அலமாரிக்குள் குந்தி உட்கார்ந்து டிஸ்க்கைச் சர்வரின் காலி இடத்தில் நுழைத்தாள். பாதியில் முரண்டு பிடித்தது. புருஷனிடம் பேசுகிற பழைய பழக்கத்தில் வாய் தானாகவே சொன்னது: "வாங்க. இப்பவாச்சும் உள்ள வாங்க."

அதற்காகவே காத்திருந்தது போல வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

ஸ்விட்சைப் போட்டாள். டிஸ்க் முனகிக்கொண்டு சுழலத் தொடங்கியது. சூடேறிய தூசி வாசனை வரவேண்டிய இடத்திலிருந்து வாடின ரோஜா மாலை வாசனையும், அதற்கு அடியில் ஐஸ் பெட்டியின் ஈர வாசனையும் வந்தன.

போன் அதிர்ந்தது. 'வாசல்: நடமாட்டம்.'

தினமும் வருவதுதான்.

மறுபடி அதிர்ந்தது. 'ஹால்: நடமாட்டம்.'

அலமாரிக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். ஹாலில் யாரும் இல்லை. பூட்டிய கதவு பூட்டியபடி இருந்தது. நிலைப்படிக்கு உள்பக்கம் தரை மட்டும் நனைந்திருந்தது. மாமியாருக்குப் போன் போட்டாள்.

"அத்தை, ஹால்ல... யாரோ..."

"இன்னாம்மா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல. அவரோட டிஸ்க்க எடுத்து உள்ள மாட்டினேன். அன்னிக்கி வாசல்ல எடுத்த படம் அதுலதான் இருக்குது..."

உண்ணாமலை மெதுவாகக் கேட்டாள்.

"உள்ள வரச் சொல்லிக் கூப்ட்டியா?"

கீர்த்தனாவுக்குப் பக்கத்திலேயே, மாடிப்படியின் முதல் படியில் ஏதோ விழுந்தது.

தொப்.

இடைவெளி. துணி உரசும் சத்தம்.

தொப்.

நடை இல்லை. நடந்தால் ஒரு கால், பிறகு இன்னொரு கால் கேட்கும். இது இரண்டும் சேர்ந்தாற்போல ஒரே சத்தம். குதித்துக் குதித்து ஏறுகிற சத்தம்.

கட்டைவிரல்கள். சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

பிளக்கைப் பிடுங்கினாள். சர்வர் விளக்குகள் அணைந்தன. டிஸ்க் நிற்கவில்லை. வெறும் கையால் இழுத்தாள். பனிக்கட்டிபோல் குளிர்ந்தது. வரவில்லை.

தொப்.

உடைந்த கூட்டை எடுத்தாள். டிஸ்க் வந்தாலும் இனி இதற்குள் எப்படி வைத்து மூடுவது? கொக்கிகள் எல்லாம் ஒடிந்து போயிருந்தன.

'படி: நடமாட்டம்.' கரண்ட் இல்லாத சர்வரிலிருந்து.

"பாப்பா!"

அலமாரியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தாள். படிகளில் ஆள் இல்லை. படிக்குப் படி ஈரத் தடம் இருந்தது. இரண்டு பாதங்கள், ஒட்டினாற்போல. கடைசிப் படிவரை.

ஏறப் பார்த்தாள். ஈரப் படியில் கால் வழுக்கியது.

'பாப்பா ரூம்: நடமாட்டம்.'

சத்தம் நின்றது. மழை மட்டும் கேட்டது. பிறகு மேலே, குழந்தையின் தூக்கக் குரல். "அப்பா."

கீர்த்தனா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இரண்டு படி ஏறினாள். அதற்குள் கீதாஞ்சலி படியின் உச்சியில் வந்து நின்றாள். கலைந்த தலை. கையில் நனைந்த வெள்ளைத் துணிக் கிழிசல் ஒன்று. முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, அப்பா கால கட்டி வெச்சிருந்தாங்க. பாவம், நடக்க முடியல."

துணியைத் தூக்கிக் காட்டினாள்.

"நான் அவுத்துட்டேன்."

அவளுக்குப் பின்னால், இருட்டான அறைக்குள், ஒரு கால் தரையில் பதிந்தது. பிறகு இன்னொரு கால்.