உள்பக்கம் படிந்த பனி

ஐஸ் பெட்டி வந்துவிட்டது. அதில் படுக்க வேண்டியவர்தான் இன்னும் சாகவில்லை. உள்ளறைக் கட்டிலில் இருமிக்கொண்டிருந்தார்.

புவனாவுக்கு வேறு வழி தெரியவில்லை. டொராண்டோவிலிருந்து மதுரைக்குப் பதிமூன்றாயிரம் கிலோமீட்டர், விமானம் மாறி வர ஒரு நாளாகும், அப்புறம் பூம்பாறைக்கு மலையேற வேறு வேண்டும் என்று அண்ணன் கதிர்வேல் மாசக்கணக்கில் சாக்குச் சொன்னான். ரெண்டு தடவை வர முடியாது, முடிந்த பிறகு சொல்லு என்றான். பெற்ற அப்பனைப் பற்றிப் பேச அவனுக்கு நாக்குக் கூசவில்லை. அப்பா நல்லுசாமியோ மகன் முகத்தைப் பார்க்காமல் போக மாட்டேன் என்று இழுத்துக்கொண்டு கிடந்தார். கடைசியில் அப்பா போய்விட்டார் என்று போனில் சொல்லிவிட்டாள். உயிரோடு இருக்கையில் வராதவன் பொணத்துக்குப் பறந்து வருகிறான். பெட்டிக்கும் அவனே ஏற்பாடு செய்திருந்தான்.

கொண்டுவந்தவர்களிடம், சொந்தக்காரங்க வந்து தூக்கி வைப்பாங்க என்று சமாளித்தாள். அவர்கள் போனதும் முதல் சோலியாக ப்ளக்கைப் பிடுங்கினாள்.

"எங்க வாரான் தாயி?"

"துபாயத் தாண்டிருச்சுப்பா."

இருட்டுகிற நேரம் போன் வந்தது. அப்பாவும் கேட்கட்டுமே என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"பெருமாள்மலை வந்துட்டேன். பெட்டிக்காரன் சொல்றான், உள்ள யாரோ இருமுனாங்களாம். பொய் சொல்லி வரவழைச்சிருந்தா வாசல்லயே திரும்பிருவேன். அப்புறம் செத்தாலும் வர மாட்டேன்."

நான்தான் இருமினேன் என்றாள். அப்பா போர்வையை வாயில் அடைத்து இருமலை அடக்கிக்கொண்டிருந்தார்.

பின்கட்டில் கஞ்சி வைத்தாள். ஓட்டு இடுக்கு வழியாக மூடுபனி புகுந்து, பரணில் கிடந்த பூண்டு வாடையோடு கலந்து, அடுப்புப் புகையையும் அமுக்கிக்கொண்டு தரையோடு தரையாகக் கூடத்துப் பக்கம் நகர்ந்தது. அப்போதுதான் உறைத்தது. இருமல் இல்லை.

வேறு சத்தம். உர்ரென்று. கூடத்திலிருந்து.

ப்ளக்கைப் பிடுங்கினோமே?

கட்டில் காலி. மூன்று மாதமாகத் தானாகப் புரண்டுகூடப் படுக்காத மனுஷன்.

பெட்டிக்குள் கிடந்தார். வேட்டியைக் கிழித்துக் கால் கட்டைவிரல்களைத் தானே சேர்த்துக் கட்டியிருந்தார். ஐயோ என்று மூடியைத் தூக்கினாள். உள்ளேயிருந்து விரல்கள் பிடித்து இழுத்தன. எங்கிருந்து வந்தது அந்தப் பலம்?

"விடு தாயி. அவன் திரும்பிருவான். நான் அவனப் பாத்துக்கிறேன்."

மூடி விழுந்தது.

வாசலில் கார் வெளிச்சம். கதிர்வேல் மாலையோடு வந்தான். கொஞ்சம் அழுதான். அப்பா முகத்துக்கு மேலே கண்ணாடி மங்கியிருந்தது. கைக்குட்டையால் துடைத்தான். போகவில்லை. மறுபடி துடைத்தான். அது உள்பக்கம் படிந்திருந்தது.

புவனா வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் போனை எடுத்துவிட்டான்.

"வெள்ளனே எடுத்துருவோம். எனக்கு நாளைக்கே திரும்ப ஃப்ளைட்டு," என்று போனைப் பார்த்தபடி சொன்னான்.

கண்ணாடிக்குக் கீழே இரண்டு கண்களும் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.