திரையில் அம்மாவின் கை

செவ்வாய், அக்டோபர் 14.
இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். அம்மாவின் கையைச் சரியாகப் பார்க்காமலே, பார்த்ததாகச் சொன்னேன்.

தஹானி எழுதியதைப் படித்துப் பார்த்தாள். 'சிறிய' என்ற சொல்லைக் கோடு போட்டு அடித்தாள். அந்தத் தவறு எவ்வளவு பெரியது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவளுக்குப் பதினோரு வயது. ஏமன் நாட்டின் துறைமுக நகரமான ஏடனில், மதியத்துக்கு மேல் நடக்கும் மாலை வகுப்பில் ஆறாவது படிக்கிறாள். தினமும் நோட்டில் எழுதுவாள்; பாதியை அடித்தும் விடுவாள்.

அம்மா நபீஹாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் வராது. பள்ளிக்கூடம் போனதில்லை என்பதால் எழுதவும் தெரியாது. அவள் பேசுவதெல்லாம் கைகளால்தான். அது வீட்டிலேயே பிறந்த மொழி. அப்பா, தஹானி, ஆறு வயதுத் தம்பி ஹைஸம் ஆகிய மூவருக்குத்தான் அது புரியும்.

இப்போது அம்மா கெய்ரோவில், ஒரு மருத்துவமனையில் இருந்தாள். வியாழக்கிழமை காலை இதயத்தில் ஆபரேஷன். துணைக்குப் போன ரஷாத் மாமாவுக்கோ மூன்றே சைகைகள்தான் தெரியும்: சாப்பாடு, தூக்கம், என் செருப்பு எங்கே.

அப்பா மீன்பிடிப் படகில் போயிருந்தார். வெள்ளிக்கிழமைதான் கரைக்கு வருவார். நடுக்கடலில் போன் எடுக்காது.

அதனால் டாக்டர் கேட்பதை அம்மாவுக்குச் சொல்வதும், அம்மா சொல்வதை டாக்டருக்குச் சொல்வதும் தஹானியின் வேலையாயிற்று. வீட்டு டிவியோடு இணைத்த இன்டர்நெட் பாக்ஸில், வீடியோ அழைப்பில்தான் எல்லாம். கார்ட்டூன் பார்க்க வாங்கிய பாக்ஸ் அது. டிவிக்கு மேலே அப்பா ஒரு கேமராவும் மாட்டியிருந்தார்.

செவ்வாய் மாலை தஹானி பாக்ஸில் படத்தின் தரத்தை உச்சத்தில் வைத்தாள். முதல் நிமிடம் அம்மாவின் சட்டைப் பொத்தான்களைக்கூட எண்ண முடிந்தது.

"இவங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காதா?" என்று டாக்டர் கேட்டார்.

தஹானி சைகையில் கேட்டாள். அம்மாவின் கை கழுத்துக்குப் போனது. உடனே படம் கட்டம் கட்டமாக உடைந்தது. விரல்கள் பிசைந்த மாவுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. படம் அப்படியே நின்றது. மறுபடி அசைந்தபோது அம்மாவின் கை மடியில் இருந்தது.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "என்னம்மா சொல்றாங்க?"

"ஒண்ணும் இல்லைன்னு சொல்றாங்க."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். காசு கொடுத்து வாங்கிய வைஃபை கார்டும் தீர்ந்து, அழைப்பு நின்றுபோனது.

இரவுச் சாப்பாட்டில் ஹைஸம் கேட்டான்: "அக்கா, அம்மா ஏன் கழுத்தைத் தொட்டாங்க?"

தஹானி கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். எழுந்து, அப்பா வரும்வரை இருவரையும் பார்த்துக்கொள்ளும் கீழ்வீட்டு ஸலாமா அத்தையிடம் ஓடினாள். அவருடைய போனில் மாமாவுக்குக் குரல் பதிந்து அனுப்பினாள். "மாமா, நான் சரியா பார்க்கல. ஊகிச்சுச் சொல்லிட்டேன். டாக்டர்கிட்ட சொல்லிடுங்க."

மாமாவின் பதில் உடனே வந்தது. "இதெல்லாம் விளையாட்டா உனக்கு? நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு டாக்டர் வருவார். அந்த ஒரு தடவைதான். அப்பவும் ஊகிச்சே, அவ்வளவுதான்!"

புதன்கிழமை காலை தஹானி பாஷராஹீலின் கடைக்குப் போனாள். தெருவுக்கு வைஃபை கொடுப்பவர் அவர்தான். கூரைமேல் கம்பம், கீழே கார்டு வியாபாரம்.

"மாமா, ஆறு மணிக்கு மட்டும் எங்க வீட்டுக்கு வேகம் கூட்டித் தர முடியுமா?"

"கூட்ட எங்க இருக்கு? என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு மெல்லிசுக் குழாய். தெருவே அதுல வாய் வச்சு உறிஞ்சுது. இன்னிக்குச் சாயங்காலம் மேட்ச் வேற!"

"பத்து நிமிஷம் மத்தவங்களுக்கு நிறுத்திடுங்களேன்."

"மேட்ச் நேரத்துலயா? என் கம்பத்தைப் புடுங்கி என் தலையிலயே போடுவாங்க. நிஜமாதான் சொல்றேன், கண்ணு. உங்கம்மாவுக்காக வேண்டிக்கறேன். வேற என்னால ஒண்ணும் ஆகாது."

தஹானி நகராமல் நின்றாள். கடைக்குள் இருந்த டிவியில், ஒரு பாக்ஸ் வழியாக, அதே வைஃபையில் பழைய கால்பந்து ஆட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர்கள் ஓடும்போதெல்லாம் முகங்கள் கட்டங்களாகச் சிதறின. கூட்டத்தைக் காட்டினால் வெறும் வண்ணக் கஞ்சி. பிறகு செய்தி வந்தது. வாசிக்கும் பெண்ணின் புருவம்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

"மாமா, நடுவுல வேகத்தை ஏத்தினீங்களா?"

"நான் எங்க ஏத்தினேன்? டீதான் குடிச்சுக்கிட்டிருக்கேன்."

தஹானி நோட்டை எடுத்தாள். அதே பாக்ஸ், அதே வேகம். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் வெறும் நீலச் சுவர். அவள் உதடுகள் மட்டுமே அசைகின்றன. ஆட்டத்திலோ எல்லாமே அசைகின்றன. அசைவதையெல்லாம் அனுப்பித்தான் குழாய் அடைக்கிறதோ?

அம்மாவின் கட்டிலுக்குப் பின்னால் என்ன இருந்தது? இலை போட்ட திரைச்சீலை. அது மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டே இருந்தது.

'இது சரியாக இருக்கலாம்' என்று எழுதினாள். 'தப்பாகவும் இருக்கலாம்' என்று அதன் கீழே எழுதினாள்.

மாலை வகுப்பு முடிந்ததும் ஓடிவந்து, காலையில் வாங்கிய புதுக் கார்டோடு பாக்ஸைப் போட்டாள். படத்தின் தரத்தை நடுவுக்கும் கீழே இறக்கினாள். திரையில் அம்மா மழை பட்ட கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பதுபோல் தெரிந்தாள்.

"அக்கா, அம்மா மங்கலா இருக்காங்க! நல்லா வை!" என்றான் ஹைஸம்.

"முடியாதுடா. நல்லா வச்சா நின்னுடும்."

"எனக்கு அம்மா முகம் தெரியல!"

"எனக்கு அவங்க கை தெரியணும்." ஹைஸம் அழ ஆரம்பித்தான். அவள் தரத்தை மாற்றவில்லை.

"ரஷாத் மாமா, அந்த மின்விசிறியை நிறுத்துங்க. அம்மாவுக்குப் பின்னால ஒரு வெறும் போர்வையைப் பிடிங்க."

"ஆஸ்பத்திரியில நாடகமா போடறோம்?"

"பிடிங்க மாமா, டாக்டர் வர்றதுக்குள்ள!"

மின்விசிறி நின்றது. பக்கத்துக் கட்டில் கிழவி கத்தினாள்: "நாங்க எல்லாம் வெந்து சாகணுமாடா?" மாமா சாம்பல் போர்வையைத் தூக்கிப் பிடித்து, துணி காயப்போட்ட கம்பம்போல நின்றார். அம்மா திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

டாக்டர் வந்தார். தெருவில் மேட்ச் தொடங்கிய கூச்சல் கேட்டது. படம் ஒருமுறை நடுங்கியது, நிற்கவில்லை.

தஹானி கேமராவுக்கு முன்னால் கைகளை உயர்த்தினாள். *மருந்து. உடம்புக்கு ஆகாதது. உண்டா? மெதுவாகச் சொல்லுங்கள்.*

அம்மாவின் கை மங்கலாக, ஆனால் முழுசாக எழுந்தது. கழுத்தைத் தொட்டது. இரண்டு கைகளும் கழுத்திலிருந்து விலகி விரிந்தன: *வீக்கம்.* ஒரு விரல் தோளில் குத்தியது: *ஊசி.* பிறகு காதை இழுத்துவிட்டாள். அது ஹைஸமின் பெயர். வயிற்றின்மேல் கையை வளைத்தாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் டாக்டர்.

தஹானிக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும், "இன்னொரு தடவை பார்த்துக்கறேன்" என்றாள்.

அம்மா மறுபடி செய்தாள். அதே ஐந்து சைகைகள்.

"என் தம்பி பிறந்தப்ப ஒரு ஊசி போட்டாங்களாம். கழுத்து வீங்கிடுச்சாம்."

"மூச்சு விட முடிஞ்சுதா?"

தஹானி கேட்டாள். அம்மா மூக்கின்மேல் கையை வைத்து இறுக மூடினாள்.

"முடியலையாம்."

டாக்டரின் முகம் மாறியது. "நேத்து ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்கேனே?"

"நான்தான் தப்பா சொன்னேன். எனக்குத் தெரியல. தெரியலைன்னு நான் சொல்லல."

டாக்டர் கோப்பைப் பிரித்தார். பேனா காகிதத்தில் அடிக்கும் சத்தம் கேட்டது. "நல்லவேளை. அந்த வகை மருந்து நாளைக்குக் கொடுக்கறதா இருந்துச்சு. இன்னும் ரெண்டு பரிசோதனை பண்ணிட்டு வேற மருந்து பார்க்கணும். ஆபரேஷன் பதினோரு மணிக்குத் தள்ளிப்போகும்."

"அப்புறம் ஆபத்து இல்லையே?"

"இருக்கு. பொய் சொல்ல மாட்டேன். ஆனா இந்த ஆபத்து போச்சு." அவர் கிளம்பும்போது திரும்பினார். "அவங்க கண் முழிக்கறப்போ வலது கையில ஊசியும் குழாயும் இருக்கும். அசைக்கக் கூடாது. இதையும் சொல்லிடு."

தஹானி சொன்னாள். அம்மா தன் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹைஸம் இன்னும் விசும்பிக்கொண்டிருந்தான். கார்டில் மிச்சம் கொஞ்சமே இருந்தது. தஹானி தரத்தை உச்சத்துக்கு ஏற்றினாள். அம்மாவின் முகம் பளிச்சென்று வந்தது. கன்னத்து மச்சம்கூடத் தெரிந்தது. அதே நொடியில் படம் நின்றுபோனது.

"இப்போ நல்லா இருக்காங்க" என்றான் ஹைஸம், மூக்கைத் துடைத்துக்கொண்டு. பாக்ஸ் தானாக அணையும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

புதன், அக்டோபர் 15.
நாளை பதினோரு மணிக்கு ஆபரேஷன். காலை எட்டு மணிக்கு ஹைஸமை எதிரில் உட்காரவைத்து, அம்மாவின் சைகைகள் எல்லாவற்றையும் இடது கையால் மட்டும் செய்து பழக வேண்டும். முதலில் 'வலிக்கிறது'. அடுத்து 'தண்ணீர்'.