சிவாஜினி, அனுஷ நட்சத்திரம்

சத்தம் முதலில் கைபேசிக்குள்ளிருந்துதான் வந்தது. இரும்புப் பாலத்தில் மெட்ரோ ஏறும்போது எழும் கடகடப்பு, தண்டவாளம் வளையும் இடத்தில் ஒரு கீச்சு, பிறகு பிரேக் பிடிக்கும் நீண்ட இழுவை. பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பல் மெட்ரோ பாலத்துக்கு நேரெதிரே மூன்றாம் மாடியில் பல வருடமாகக் குடியிருக்கும் சிவாஜினிக்குத் தூக்கத்தில்கூடத் தெரிகிற சத்தம் அது. ஆனால் திரையில் இருந்தது பெரு நாடு. கல் மதில், வறண்ட புல், கண் கூசும் நீல வானம், நடுவில் கம்பளிச் சால்வை சுற்றிய அக்காவின் முகம். அந்த மலையில் மெட்ரோ ஏது என்று அவள் யோசிக்கத் தொடங்கியபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நிஜமான மெட்ரோ இப்போதுதான் பாலத்தில் ஏறியது.

எதிரொலி என்று வைத்துக்கொண்டாள். நம் வீட்டுச் சத்தமே போய்த் திரும்பி வருவது உண்டுதான். இன்னும் எழும்பாத சத்தம் எப்படித் திரும்பி வரும் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை, கடை லீவு, ஜூன் மாத வெயில். அக்கா ஆசையாக ஊர் காட்டுகிறாள், அதைக் கெடுப்பானேன்.

அக்கா கோசலை நகரத்துக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸில் இருப்பவள். அவளுடைய ஒரே மகன் பிருந்தாபன் வேலைக்குப் போன முதல் வருடமே தாயைப் பெருவுக்குக் கூட்டிப் போயிருந்தான். இன்றைக்கு இன்கா மக்களின் பழைய கோயில்களையும் கோட்டைகளையும் ஒரே நாளில் சுற்றிக் காட்டுகிற பயணம். பிரெஞ்சு பேசும் வழிகாட்டி, பன்னிரண்டு பேருக்கு ஒரு சின்ன பஸ். இங்கே பின்னேரம் மூன்று மணி என்றால் அங்கே காலை எட்டு.

சித்தியையும் கூட்டிப் போவோம் என்று பிருந்தாபன் சொன்னதும், "அவளுக்குக் கடையிலை லீவு தராயினம்" என்று அக்கா பேச்சை முடித்ததும் சிவாஜினியின் காதுக்கு வந்திருந்தது. லீவு கேட்டுப் பார் என்று ஒரு வார்த்தை அவளிடம் யாரும் சொல்லவில்லை. சுருக்கென்றது, ஆனாலும் விழுங்கிக்கொண்டாள். 2009இல் ஊரில் போரோடு எல்லாம் முடிந்துபோன பிறகு அவளை இங்கே கொண்டுவந்து சேர்த்தவள் அக்காதான். அப்போது ஒன்பது வயதாக இருந்த பிருந்தாபனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், கூட்டிவந்து, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்து வளர்த்தவள் இவள். கலியாணப் பேச்சு அந்த ஓட்டத்தில் எங்கேயோ தவறிவிட்டது. அதைப் பற்றி அவள் பெரிதாகக் குறைப்பட்டதும் இல்லை.

"உந்தக் கல்லுகளைப் பாரடி," என்றாள் கோசலை. "சாந்தே பூசேல்லையாம். இடையிலை ஒரு பிளேடும் போகாதாம்."

கல்லோடு கல் நெருங்கி உட்கார்ந்திருந்தது. சுவரில் வரிசையாக மாடங்கள், ஒவ்வொன்றும் ஓர் ஆள் குந்தக்கூடிய அளவு. சித்தியைச் சிரிக்க வைக்கவென்றே பிருந்தாபன் ஒன்றுக்குள் ஏறி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, பொம்மை போலக் கண்ணை மூடிக் காட்டினான். சிவாஜினி சிரித்தாள். பின்னாலிருந்து வழிகாட்டி கத்திக்கொண்டு ஓடிவந்தான். கோபம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். கிட்ட வந்தபோதுதான் அந்த மனிதன் பயந்திருப்பது தெரிந்தது. அழைப்பு அறுந்தது.

தேத்தண்ணீர் போடக் குசினிக்குப் போனாள். அங்கே ஒரு மணம். மழை நனைத்த மண், அதற்கு மேலே ஏதோ பச்சை இலை கருகும் புகை, அடியில் நெடுநாள் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்தால் வருமே அந்தப் புழுக்கம். அடுப்பைப் பார்த்தாள், குப்பைவாளியைப் பார்த்தாள், ஜன்னலைத் திறந்து தெருவை மோந்து பார்த்தாள். கீழே கொத்துரொட்டியும் பெட்ரோலும்தான். மனம் கேளாமல் பக்கத்துக் கதவைத் தட்டினாள். இம்மாகுலேற் புதுச்சேரிக்காரி, ஓய்வு பெற்றவள். சிவாஜினி வீட்டின் மாற்றுச் சாவி அவளிடம்தான் இருக்கும். அவள் வந்து குசினி நடுவில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"ஒண்ணும் வரலியே மா. ஆனா உன் வீடு ஏன் இப்படி சில்லுன்னு கெடக்கு? கேவ்ல நிக்கிற மாதிரி இருக்கு," என்றாள். நிலவறைக்குப் புதுச்சேரிக்காரர் சொல்லும் சொல் அது. வெளியே முப்பத்திரண்டு பாகை வெயில். இம்மாகுலேற் தோளைத் தேய்த்துக்கொண்டு போனாள்.

ஐந்தரைக்கு மறுபடி அழைப்பு வந்தது. பஸ்ஸின் உள்பக்கம். ஆசனத்தில் பிருந்தாபன் முழங்காலைத் தாடைக்குக் கீழே மடித்து உட்கார்ந்திருந்தான், மேலே இரண்டு போர்வை. உதடு நீலம் பாரித்திருந்தது.

"உயரம் ஒத்துக்கொள்ளேல்லைப் போல," என்றாள் கோசலை. "காலை நீட்டச் சொன்னால் நீட்ட ஏலாதாம். ரெண்டு பேர் பிடிச்சு இழுத்தும் பாத்தாச்சு."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோவன் அக்கா."

வழிகாட்டி கோசலையின் காதுக்குள் குனிந்து ஏதோ சொன்னான், அவள் ஏதோ கேட்டாள், அவன் இல்லை இல்லையென்று தலையை ஆட்டினான். 'பெயர்' என்கிற பிரெஞ்சுச் சொல் மட்டும் இரண்டு தரம் தெளிவாகக் கேட்டது. பிறகு அக்காவின் உள்ளங்கை திரையை மூடியது. அந்த இருட்டுக்குள்ளிருந்து கரண்டி ஒன்று தரையில் விழுந்து உருளும் சத்தம் வந்தது. சிவாஜினி திடுக்கிட்டாள், அவள் கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்து உருண்டது.

அவள் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

இரண்டு மணி நேரம் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். குளிர் கூடிக்கொண்டே போனது. கட்டிலிலும் குளிர், கதிரையிலும் குளிர். அலுமாரிக்கும் சுவருக்கும் இடையிலிருந்த மூலை மட்டும் ஏனோ அடக்கமாகத் தோன்றியது. அங்கே நிலத்தில் குந்தினாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள்.

ஏழரைக்கு அக்கா மறுபடி திரையில் வந்தாள். கூரை இல்லாத சின்னக் கோயில் ஒன்று. இது பயணத் திட்டத்தில் இல்லாத இடம் என்பது பார்த்ததுமே தெரிந்தது. மற்றப் பயணிகள் யாரும் இல்லை. கல் மேடையில் பிருந்தாபன் அதே குந்தலில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தான், கண் திறந்தபடி இருந்தது. கோசலையின் முகம் அழுது வீங்கியிருந்தது.

"தம்பிக்காக ஒரு நேர்த்தி செய்யிறன்," என்றாள் மகனைக் காட்டி. "அர்ச்சனை மாதிரித்தான், பேரும் நட்சத்திரமும் சொல்லோணுமாம். உன்ரை பேரிலையும் ஒண்டு செய்யிறன். உனக்கு அனுஷம்தானே?"

"ஓம் அக்கா, அனுஷம்."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது. பிள்ளையார் கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் இவள் அக்கா வீட்டார் ஒவ்வொருவர் பேருக்கும் அர்ச்சனை செய்யவில்லையா. இவள் பேருக்கு அங்கே யாரும் செய்ததில்லை. இன்றைக்கு, இந்தக் கஷ்டத்துக்குள்ளும், உலகத்தின் மறு மூலையில் நின்றுகொண்டு அக்காவுக்குத் தன் நினைவு வந்திருக்கிறதே என்று சிவாஜினியின் கண் கலங்கியது. கைபேசியைக் காலடியில் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டுக் கைகூப்பினாள்.

கோசலை திரும்பிக் கல்லைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள், ஐயரிடம் சொல்லும் அதே குரலில். "சிவாஜினி. அனுஷ நட்சத்திரம். விருச்சிக ராசி."

வழிகாட்டியின் முகம் திரைக்குள் வந்தது. வயதான, களைத்த முகம். "மேடம், உங்களுக்கு எல்லாம் விளங்கியதா?" என்று பிரெஞ்சில் கேட்டான். "உங்களுக்குச் சம்மதமா?"

"ஓமெண்டு சொல்லு," என்றாள் கோசலை பின்னாலிருந்து. "நேர்த்திக்கு. சும்மா ஒரு முறைக்குக் கேக்கினம்."

"ஓம்," என்றாள் சிவாஜினி.

வழிகாட்டி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

கல் மேடையில் பிருந்தாபனின் ஒரு கால் நீண்டது. மற்றக் காலும் நீண்டது. பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்து நின்றான். சிவாஜினி சிரித்தாள், அழுதாள், "அக்கா, பிள்ளை எழும்பிட்டான்," என்றாள். கோசலை அவனைக் கட்டிக்கொண்டு விம்மினாள். கைபேசிப் பக்கம் திரும்பவில்லை. வேறு யாருடைய கையோ வந்து அழைப்பை நிறுத்தியது.

எட்டு மணி. வெயில் இன்னும் இறங்கவில்லை. எழுந்து விளக்கு வைக்கலாம் என்று நினைத்தாள். முழங்கால் மரத்திருந்தது. கொஞ்சம் போகட்டும் என்று இருந்தாள்.

கைபேசி அடித்தது. பிருந்தாபன். விரலால் எட்டித் தொட்டாள். அவன் முகம் இல்லை, ஓடும் பஸ்ஸின் கூரை மட்டும் தெரிந்தது. அவன் பிரெஞ்சில், மூச்சு வாங்க வாங்கப் பேசினான்.

"சித்தி, அது நேர்த்தி இல்லை. அந்த மாடத்தில் குந்தின ஆளை அந்த இடம் கேட்குமாம். விடவேண்டும் என்றால் பதிலுக்கு ஒரு பெயர். பெயருக்குரிய ஆள் தன் வாயால் ஓம் சொல்ல வேண்டும். செய்யாதே, மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று வழிகாட்டி அம்மாவிடம் எத்தனையோ தரம் சொன்னான். எனக்கு எல்லாம் கேட்டது, வாயைத் திறக்க முடியவில்லை. அம்மா சொன்னா, அவளுக்கு ஆர் இருக்கினம், தனி ஆள்தானே, ஒருத்தரும் தேடாயினம் என்று."

கடைசி வார்த்தைகளை அவன் தாய் சொன்ன தமிழிலேயே சொன்னான்.

சிவாஜினிக்குப் பயம் உடனே வரவில்லை. அதற்கு முன்னால் வேறொன்று வந்தது. கேட்டிருக்கலாமே. தம்பிக்காக நீ வாறியோ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஓம் என்றுதானே சொல்லியிருப்பாள். அந்தப் பிள்ளைக்காக எதைத்தான் கொடுக்கவில்லை. கேட்டால் கொடுப்பாள் என்பதுகூட அக்காவுக்குத் தெரியவில்லையே. இத்தனை வருடமும் அக்காவின் குடும்பத்துக்குள் தான் யாராக இருந்தாள் என்று இப்போதுதான் தெரிந்தது.

"சித்தி, எழும்புங்கோ." எப்போதும் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளை தமிழில் கெஞ்சினான். "வெளியிலை போங்கோ. நான் இம்மாகுலேற் மாமிக்குப் போன் அடிக்கிறன்."

எழும்பப் பார்த்தாள்.

கால் வரவில்லை.

கையை ஊன்றப் பார்த்தாள். இரண்டு கைகளும் முழங்காலைக் கட்டியிருந்தன. எப்போது கட்டினாள்? விரல்கள் ஒன்றோடொன்று கோத்திருந்தன. விரலுக்கும் விரலுக்கும் இடையில் இடைவெளி இல்லை. முதுகுப்புறம் சுவர். சுவர் எங்கே முடிகிறது? தோள் எங்கே தொடங்குகிறது? தெரியவில்லை.

கதவில் சாவி திரும்பியது. கடவுளே, வந்துவிட்டாள்.

"சிவாஜினி? உள்ளதான் இருக்கியா மா?" இம்மாகுலேற் குசினியைப் பார்த்தாள். குளியலறையைப் பார்த்தாள். அறைக்குள் வந்தாள். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மூலைக்கு வந்தாள். சிவாஜினியின் முகத்துக்கு நேரே முகம். ஒரு சாண் தூரம். கண்கள் அவளைத் தாண்டிப் போயின. கையை நீட்டினாள். சூடான உள்ளங்கை சிவாஜினியின் கன்னத்தில் பதிந்தது.

"செவுரு என்ன இப்படிக் குளிருது," என்று தனக்குள் சொல்லிக் கையை எடுத்துக்கொண்டாள்.

தரையில் கைபேசி அடித்தது. இம்மாகுலேற் குனிந்து எடுத்தாள். கோசலையின் குரல்.

"அவள் நிக்கிறாளோ?"

"காணலியே மா. கதவு பூட்டிதான் இருந்துது. உன் புள்ள போன்ல அழுவுறான். நீயே பாரேன்." கமராவைத் திருப்பத் தெரியாத கிழவி கைபேசியின் முகத்தையே வெளியே திருப்பிப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றிக் காட்டினாள். ஜன்னல். கட்டில். மேசை. அலுமாரி.

மூலை.

திரையில் அக்கா. சிறு முகம், பெரிய கண்கள். அந்தக் கண்கள் நின்றன. சிவாஜினியின் கண்ணுக்கு நேரே வந்து நின்றன. அக்காவுக்குத் தெரிகிறது. அக்கா பார்க்கிறாள்.

சிவாஜினி உடம்பிலிருந்த எல்லாவற்றையும் திரட்டி வாயைத் திறந்தாள். அக்கா என்ற சொல்லுக்குப் பதிலாகக் கொஞ்சம் மண் உதிர்ந்தது.

கோசலை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஓம் அன்ரி, அங்கை ஒருத்தரும் இல்லை," என்றாள். "வெளியிலை எங்கையும் போயிருப்பாள். கதவைப் பூட்டிப்போட்டுப் போங்கோ. நான் வந்து பாக்கிறன்."

இம்மாகுலேற் கைபேசியை மேசையில் வைத்தாள். ஜன்னலின் மரக் கதவுகளைச் சாத்தினாள். காலடி போனது. சாவி இரண்டு தரம் திரும்பியது.

மரக்கதவின் இடுக்கால் ஒரு கீற்று வெயில் மூலைக்கு வந்தது. சிவாஜினியின் முழங்கால்கள் மேல் விழுந்தது. பிறகு மெதுவாக நகர்ந்து, அவளோடு ஒட்டிப் பக்கத்தில் குந்தியிருந்த, எத்தனையோ காலமாகக் காய்ந்து சுருங்கிய இன்னொரு சோடி முழங்கால்கள் மேல் விழுந்தது.